மாயக்காள் காலுக்கு அளந்த வீடு

சுருளிப்பட்டிக்கு மேற்கே ஜில்லா போர்டு கட்டிக்கொடுத்த நாற்பது வீடுகளில் கடைசி வீடு, சுவர் எழும்பிய பிறகும் பன்னிரண்டு வருசம் வளர்ந்தது. வருசத்துக்கு அரைச் சாண், சில வருசம் முக்கால் சாண். சுவர் எங்கேயும் வெடிக்கவில்லை, நிலை சாயவில்லை. கம்பத்துச் சந்தைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, "இந்த வருசம் நல்லாத்தான் வளந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, பருத்தி விலை பேசிக்கொண்டு நடந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் ஆறு கரை மீறி வந்து நாற்பது குடிசைகளை வழித்துக்கொண்டு போனது. போனவர்கள் போக, மிஞ்சியவர்களுக்கு வீடு கட்டப் போர்டு உத்தரவு போட்டது. வேலையை ஏற்றவர் நல்லகண்ணு மேஸ்திரி. கல்லும் மரமும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. ஓடுதான் மலைக்கு அந்தப்புறமிருந்து குமுளி வழியாக மாட்டுவண்டியில் வர வேண்டும். வீட்டுக்குப் பதினாறடி நீளம், எட்டரையடி அகலம் என்று ஓவர்சியர் பிளானைக் கொடுத்து, அதற்கு எத்தனை ஓடு என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போனாரா, சனம் வந்து நின்றுகொண்டது. அந்தப் பக்கத்தில் எவனும் டேப்பால் அளந்த வீட்டில் குடியிருக்க மாட்டான். வீட்டுக்கு உடையவன் காலால் இருபத்தோரு அடி நீளம், பதினோரு அடி அகலம். அப்படி அளக்காத வீட்டில் விளக்கு நிற்காது என்பது அவர்கள் நம்பிக்கை, மேஸ்திரிக்கும் அதே நம்பிக்கை. பெரிய காலுக்குக் கூடுகிற ஓடுகளைச் சின்னக் கால் ஈடுகட்டிவிடும் என்று கணக்குப் போட்டார் மனுசர். உழவுகாட்டில் நடந்து பரந்த கால்களில் சின்னக் காலுக்கு எங்கே போவது? முப்பத்தொன்பதாம் வீட்டு ஒச்சாண்டியின் பாதம் ஒன்றே பாதி முறம் இருக்கும்.

கடைசி வீடு சோணையம்மாளுக்கு. புருசனை ஆறு கொண்டுபோயிருந்தது. தாலியறுத்தவள் காலால் புது மனை அளக்கும் வழக்கம் இல்லை. அவள் நாலு வயசு மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"வீடு எனக்கில்லண்ணே, இவளுக்கு. மாயக்கா காலால அளங்க."

காவிக் குழம்பில் முக்கிய பிஞ்சுக் காலை மேஸ்திரி வாசல் கல்லில் ஊன்றி எடுத்தார். பிள்ளை கூச்சம் தாங்காமல் கெக்கெக்கே என்று சிரித்தது. "மழைக்கு முந்தி ஒன் வீட்டுக்கு ஓடு ஏத்திருவேன் ஆத்தா, இது என் பொறுப்பு" என்றார். அந்த வாக்குதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஒச்சாண்டி வீட்டோடு ஓடு தீர்ந்தது. அந்தக் கூரையிலும் ஒரு பக்கம் வானம் தெரிந்தது. மேஸ்திரி, மாயக்காளுக்கென்று தனியே அடுக்கியிருந்ததை எடுத்து அதில் ஏற்றச் சொன்னார். அடுத்த வண்டி எட்டு நாளில் வந்துவிடும், குருவிக்கூடு மாதிரி வீடுதானே, ஒரு பொழுதில் மூடிவிடலாம் என்று நினைத்தார். அன்றைக்கே மழை இறங்கி, குமுளிப் பாதையில் மலை சரிந்தது. பாதையை வெட்டித் திறக்க மேஸ்திரி மண்வெட்டியோடு ஓடினார். கூரையில்லாத நாலு சுவருக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. விசக்காய்ச்சல் என்று பயந்து முப்பத்தொன்பது வீட்டில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் மேஸ்திரி ஓட்டு வண்டியோடு வந்தார். பிள்ளை நாலாம் நாளே போய்விட்டது.

அந்தச் சகதியிலேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சோணையம்மாள் அழவில்லை. "சொன்ன சொல்லுக்கு ஏத்துங்கண்ணே" என்றாள். ஏற்றினார்.

மறு வருசம் வேலையை முடித்து எழுத ஓவர்சியர் வந்தபோது கூரையில் ஒரு வரிசை ஓடு குறைந்தது. வீடு வளர்ந்திருந்தது. வாசல் கல்லில் காவித் தடமும் ஒரு நெல்லளவு நீண்டிருந்தது. "பிள்ள வளர்றால்ல" என்றாள் சோணையம்மாள். ஓவர்சியர் 'கூரை பாக்கி' என்று எழுதிவிட்டுப் போனார். அதன் பிறகு வந்த ஓவர்சியர்களும் அதையேதான் எழுதினார்கள். போடியில் வேலை பார்த்தாலும் பெரியகுளத்தில் பார்த்தாலும், மழைக்கு முந்தி மேஸ்திரி ஒரு வரிசை ஓட்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்துவிடுவார். தலை நரைத்தது, முதுகு வளைந்தது; ஒரு வருசம்கூட அந்த வீட்டை நனையவிடவில்லை.

முப்பத்தேழில் வீடு ஒரே மாசத்தில் ஒரு சாண் நீண்டது. மேஸ்திரி ஏணி வைக்கப் போனார். சோணையம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடு பெறகு ஏத்தலாம். பிள்ள சமஞ்சுட்டா. பச்ச ஓலக் குடிச கட்ட மாமன் வேணும். எனக்குக் கூடப்பெறந்தவன் யாரு இருக்கா? இத்தன வருசம் அண்ணே அண்ணேன்னு சும்மாவா கூப்பிட்டேன்?"

மேஸ்திரி தோப்புக்குப் போய்த் தென்னங்கீற்று வெட்டிக்கொண்டு வந்தார். ஆளுயரக் குடிசையை வாசலில் தன் கையாலேயே கட்டினார். கதவு திறக்காத முப்பத்தொன்பது வீட்டுச் சனமும் சீர்த்தட்டோடு வந்து நின்றது. வெண்கலப் பானையை இறக்கி வைத்த ஒச்சாண்டி நிமிரவே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் மேஸ்திரி ஓட்டோடு வந்து பார்த்தார். கூரையில் இடைவெளி இல்லை. வாசல் கல்லில் ஒரு முழுப் பொம்பளையின் பாதம் இருந்தது. புது ஓவர்சியர் உள்ளேயும் வெளியேயும் டேப் பிடித்தார்.

"பதினாறு, எட்டரை. நாற்பதில் இது ஒன்றுதான் பிளான்படி இருக்கிறது. யார் அளந்தது?"

"எங்க மாயக்காங்க" என்றாள் சோணையம்மாள்.

'வேலை முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போனார். மேஸ்திரி தலைச்சுமையை இறக்கவில்லை. இனி வருசா வருசம் இங்கே வர வேண்டியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி அழுத மாதிரியே அழுதார், பாரத்தோடு நின்றபடி.

"ஓட்ட இங்கனயே எறக்கி வையிண்ணே" என்றாள் சோணையம்மாள். "நாளப்பின்ன அவளக் கட்டிக்குடுத்தா, அவ புள்ளைக்கு ஆகும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுகூட உடையாமல் சுவரோரம் அடுக்கி வைத்தார்.