இன்னும் அறுந்துபோகாத செயின்

எங்கள் காரின் டைமிங் செயின் அறுந்துபோவதற்கு முன்பே துக்கம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பதினோரு பேர் வந்தார்கள். ஆண்கள் காரைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளே போய் என் மனைவி கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் காபி கொண்டுவந்தேன். துக்க வீட்டில் காபி எதற்கு என்று மறுத்துவிட்டார்கள்.

"எப்படி ஆச்சுங்க?" என்று கேட்டார் எதிர்வீட்டு மருதாசலம்.

"இன்னும் ஆகலைங்க."

"பரவால்லைங்க. ஆனதுக்கப்புறம் லீவு கெடைக்கோணுமில்லீங்களா?"

நியாயம்தான்.

"நல்லா ஓடுன வண்டி" என்றார் இன்னொருவர்.

"இப்பவும் ஓடுதுங்க."

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

எழுந்து போகும்போது ஒருவரும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று உறுத்தியது. போகும்போது அவர்கள் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

வண்டி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கரகரவென்று இரண்டு விநாடி ஒரு சத்தம். பிறகு அமைதி. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. காலையில் எழுந்ததும் இரண்டு விநாடி தொண்டையைச் செருமுவேன். பிறகு அமைதி. இரண்டையும் கோகிலவாணி கவனித்து வைத்திருந்தாள். அவள் பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். தேறியது எது, தேறாதது எது என்று பார்த்துத் தள்ளுவது வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணை அவள் கழற்றி வைப்பதில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு சென்னியப்பனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தெருமுனையில் கந்தவேல் அண்ணன்மீது மெதுவாக ஏறி இறங்கினேன். ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் அங்கே வேகத்தடையாகப் படுத்திருக்கிறார். முதுகில் மஞ்சள் கோடுகூடப் போட்டாயிற்று.

"செயின் சத்தமுங்களா?" என்றார் அடியிலிருந்து.

"ஆமாங்கண்ணா."

"மாத்தீருங்க. நானெல்லாம் காலாகாலத்துல மாறிக்கிட்டேன்."

ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து சென்னியப்பனின் மேஜைக்குப் பத்தடி. நடக்க நடக்க அது நூறடியாயிற்று. பிறகு ஒரு கிலோமீட்டராயிற்று. மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தேன். அவர் அந்த ஒரு கிலோமீட்டரையும் என் பெயரில் சேர்த்து எழுதிக்கொண்டார். பிறகு வண்டிக்கு வந்து பானெட்டில் காதை வைத்தார்.

"செயின் நல்லாத்தான் இருக்குதுங்க. அதுதான் பிரச்சனையே."

"எப்ப போகும்?"

"நாளைக்கே போகலாம். இன்னொரு லட்சம் கிலோமீட்டரும் ஓடலாம்."

"மாத்தலைன்னா?"

"இஞ்சின்ல மேல ஆடறதும் கீழ ஆடறதும் ஒண்ணோட ஒண்ணு மோதாமப் பாத்துக்கறது அந்தச் செயின்தானுங்க. அறுந்துச்சுன்னா மொத்த இஞ்சினும் போயிரும். அதுவும் மலை ரோட்ல அறுந்துச்சுன்னா..."

அவர் தொப்பி போட்டிருக்கவில்லை. இருந்தாலும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"மாத்தினா?"

"இஞ்சினைத் தொறக்கோணும். நல்லா இருக்கறதைத் தொறந்தா நல்லா இல்லாமப் போறதுக்கும் வாய்ப்பிருக்குதுங்க."

ஒரு படிவத்தை நீட்டினார். 'இதுவரை பழுதாகாததற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் 'பழக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் சோபாவில் என் அளவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.

"வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார்.

என் வீட்டில் என்னை உட்காரச் சொல்கிறார், பாருங்கள்!

"கோகிலா, யாரு இது?"

"உங்களுக்கு மாத்து" என்றாள். "சும்மா வரச்சொல்லிப் பாத்தேன். இன்னும் முடிவு பண்ணலைங்க."

"எனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கறேன்?"

"அதுதான் பிரச்சனையாமா."

"ரெண்டு வருசம், இல்லாட்டி நாப்பதாயிரம் கிலோமீட்டர் வாரண்டிங்க" என்றார் அந்த ஆள் அடக்கமாக. "எது முன்னாடி வருதோ அது." இவ்வளவு பேசியும் ஒருமுறைகூடச் செருமவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செயினுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம்னு என்னால வெக்க முடியாதுங்க" என்றாள் கோகிலவாணி. "செயினுக்கு நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் உங்களுக்கும். சனிக்கெழமை காலைல நான் வால்பாறை போகோணும். எஸ்டேட்ல பம்ப் நின்னுபோச்சு. நாளைக்கழிச்சு வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லீருங்க."

அன்றைக்கு அதற்குள் புதன்கிழமை ஆகியிருந்தது.

வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வேண்டாம் என்று சொன்னால் நான் இருப்பேன். அவள் அந்தச் செயினோடு மலை ஏறுவாள். மாற்று என்று சொன்னால் அவள் பத்திரமாகப் போவாள். என் சீட்டில் உறை பிரித்த ஒருவன் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போவான். யோசித்தேன். அதற்குள் துக்கத்துக்கு முப்பது பேர் வந்து போனார்கள். ஒருவர் மாலை கொண்டுவந்திருந்தார். காருக்கும் எனக்கும் நடுவில் நெடுநேரம் நின்றார்.

"கையிலயே வெச்சிருங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில், சவரம் செய்துகொண்டிருந்தபோது, கண்ணாடியில் ஒன்பதாவது வளைவு தெரிந்தது. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. மெல்லப் பின்னால் உருள்கிறது. பின்னால் தடுப்புச் சுவர் இல்லை. ஸ்டியரிங்கில் கோகிலவாணியின் கை மட்டும் தெரிந்தது. சனியன், நான் போனால் போகிறேன்! பாதிச் சவரத்தோடு வெளியே வந்தேன்.

"மாத்தீரு" என்றேன்.

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

என் கன்னத்துச் சோப்பு நுரையை விரலால் வழித்துவிட்டாள். "செரிங்க" என்றாள்.

சென்னியப்பன் மத்தியானத்துக்குள் செயினை மாற்றிவிட்டார். பிறகு என்னைக் கழற்றினார். வலிக்கவில்லை. என் வாட்ச், மோதிரம், வீட்டுச் சாவி மூன்றையும் எடுத்து அந்த ஆளுக்குப் பொருத்தினார்.

"பழசு ரெண்டையும் நாங்களே காயலாங்கடைக்குப் போட்டுர்றோமுங்க" என்றார்.

எங்கள் ஊரில் பழைய பார்ட்டைக் கேட்டு வாங்காமல் யாரும் வண்டியை எடுப்பதில்லை. நிஜமாகவே மாற்றினார்களா என்று தெரிய வேண்டுமே!

"பழசைக் குடுங்க" என்றாள் கோகிலவாணி.

"இது ஒண்ணுக்கும் ஆகாதுங்க."

"எதுக்காவது ஆகும். குடுங்க."

செயினை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். என்னையும் சுற்றினார். பேப்பர் இடுப்பு வரைக்கும்தான் எட்டியது.

சனிக்கிழமை காலையில் வாசல் நிறையத் துக்கத்துக்கு வந்தவர்கள். புது ஆள் எல்லோரையும் கும்பிட்டு உட்கார வைத்தார். எனக்கு இவ்வளவு நன்றாக வராது. கோகிலவாணி என்னைக் கொண்டுவந்து காரின் முன்சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டினாள். செயினை என் மடியில் வைத்தாள்.

"அது என்ற சீட்டுங்க" என்றார் புது ஆள்.

"நீங்க புதுசுங்க. எடுத்த எடுப்புல மலை ஏத்தக் கூடாது. வீட்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமாப் பழகுங்க."

பிறகு கண்ணாடியை இறக்கி, வாசலைப் பார்த்து, "போயிட்டு வர்றோமுங்க!" என்றாள்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. "துக்க வீட்ல அப்படிச் சொல்லக் கூடாதம்மிணி" என்று பதறினார் மருதாசலம்.

"அதான் சொல்லீட்டனே" என்றாள்.

சாவியைத் திருப்பினாள். கரகர சத்தம் இல்லை. வண்டி ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினாள். அதே அமைதி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"என்னமோ மாதிரி இருக்குதுங்க." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒருக்கா செருமுங்க."

மடியிலிருந்த செயினைப் பிடித்துக்கொண்டு செருமினேன். இரண்டு விநாடி.

"செரி" என்றாள். கியரைப் போட்டாள்.