பதினான்காம் எண் கணினி

வாசிக்கும் பெரியோர்கள் முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டும். இதற்கு முன் நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும், உறவினருக்கான நலம் விசாரிப்புக் கடிதங்களும் மட்டுமே. கதை எழுத முனைந்தது என் தகுதிக்கு மீறிய செயல் என்பதை அறிவேன். சினம் அடங்கிய பின் எழுதலாம் என்று மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். அடங்கவில்லை. ஆகவே, சொற்கள் எங்கேனும் சுட்டுவிட்டால் அதற்கும் சேர்த்தே மன்னிப்புக் கோரிவிட்டுத் தொடங்குகிறேன்.

கடலூர் முதுநகரில் பிரிசில்லா என்றொரு பெண் இருந்தாள். விலங்கியல் பட்டதாரி. தாய் இல்லை. தந்தை அந்தோணிசாமி சிப்காட் தொழிற்பேட்டையில் மூட்டை ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளி. மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்த மாதிரி எடுக்கும் வேலையில் இரண்டு ஆண்டுகள் இருந்த பிரிசில்லா, 2011 ஆகஸ்டில் அதை விட்டுவிட்டு மெடிக்கல் கோடிங் பயிற்சியில் சேர்ந்தாள்.

அது என்ன வேலை என்று தெரியாதவர்கள் இருக்கக்கூடும். அமெரிக்காவில் ஒருவர் நோயென்று மருத்துவமனைக்குப் போனால், மருத்துவர் எழுதும் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். எண்கள் எல்லாம் தலையணை அளவு புத்தகம் ஒன்றில் இருக்கின்றன. பயிற்சி ஆறு மாதம். மையம் சிதம்பரம் கீழ வீதியை ஒட்டிய சந்தில் ஒரு மாடியில் இருந்தது. பாடம் இணையத்தில், காலை எட்டு முதல் பத்து வரை. சென்னையிலிருந்து குணசுந்தரி என்ற ஆசிரியை நடத்துவார். நூற்றுக்கு எண்பத்தைந்து வருகையும் இறுதித் தேர்வில் தேர்ச்சியும் இருந்தால் பட்டியலில் பெயர் வரும். பட்டியலில் இருப்பவர்களைச் சென்னை நிறுவனம் ஒன்று வேலைக்கு எடுத்துக்கொள்ளும். பிரிசில்லாவுக்கு வேண்டியிருந்தது அந்தப் பட்டியலில் ஒரு வரி. வேறொன்றுமில்லை.

வீட்டில் கணினி கிடையாது. தெருமுனையில் கலியமூர்த்தி நடத்திய பிரவுசிங் சென்டரில்தான் அவள் பாடம் கேட்டாள். புத்தகத்தைப் பார்த்தால் கலியமூர்த்திக்கு வாய் சும்மா இருக்காது.

“பாப்பா, நாய் கடிச்சாகூட நம்பர் இருக்காமே?”

“இருக்குண்ணே. எலி கடிச்சா அது தனி நம்பர்.”

“பொண்டாட்டி கடிச்சா?”

“மனுசக் கடின்னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டுக்கலாம்.”

“பரவால்லியே! அமெரிக்காக்காரன் பொழப்பும் நம்ம பொழப்பாதான் இருக்கு.”

டிசம்பர் இருபத்தொன்பது வரை ஒரு வகுப்பைக்கூட அவள் தவறவிடவில்லை. முப்பதாம் தேதி விடியற்காலையில் ‘தானே’ என்ற புயல் வந்தது.

கடலூர்க்காரர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்தோணிசாமி வீட்டில் ஒன்பது கூரைத் தகடுகள் பறந்தன. பத்தாவது பறக்கவில்லை, உள்ளே விழுந்தது. அவருடைய இடது கணுக்காலின் மேல் விழுந்தது. முறிந்து கிடந்த மரங்களுக்கு இடையே தந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, தாழ்வாரத்தில் நின்றபோது, அழுகைக்கு முன்னால் பிரிசில்லாவுக்கு எண்தான் வந்தது. கணுக்கால் எலும்பு முறிவு, 824.8. புறக்காரணம் புயல், ஈ 908. வாய்விட்டே சொன்னாள். செவிலியர் திரும்பிப் பார்த்தார்.

மின்கம்பங்கள் ஊர் முழுக்கப் படுத்துக் கிடந்தன. மின்சாரம் எந்த நாள் வரும் என்று சொல்ல ஆளில்லை. தொடர்ந்து ஒரு வாரம் உள்ளே நுழையாவிட்டால் லாகின் தானாக முடங்கிவிடும் என்பது பயிற்சி நிறுவனத்தின் விதி. கட்டுப்போட்ட காலோடு தந்தை படுத்திருக்க, எதிர்வீட்டுத் தில்லையம்மாளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிரிசில்லா பேருந்து ஏறிச் சிதம்பரம் போனாள்.

மையத்தின் பொறுப்பாளர் திரு. சபாபதி அவர்கள். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“லாகின் லாக் ஆயிடுச்சேம்மா. நான் என்னா பண்றது? ஹெட் ஆபீசுக்குப் பாரம் அனுப்பு.”

கணினியில் அந்தப் படிவம் வந்தது. வராமைக்குக் காரணம் கேட்டது. நோய், மரணம், திருமணம், பிரசவம் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. புயலுக்குக் கட்டம் இல்லை. ஐந்தாவதாக ‘பிற’ என்றொரு சிறிய இடம் இருந்தது, அதில் ஆங்கிலம்தான் எழுத முடிந்தது, அதுவும் நான்கெழுத்துக்கு மேல் நுழையவில்லை. பிரிசில்லா யோசித்தாள். படிப்பவர்கள் கோடிங் கற்பிப்பவர்கள்தானே என்ற நம்பிக்கையில் ‘ஈ 908’ என்று எழுதி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: ‘காரணம் ஏற்கப்படவில்லை. தவறான பதிவு.’

எலிக்கடிக்கு எண் தெரிந்தவர்கள் அவர்கள். மாணவி ஊரில் புயல் அடித்ததை அவர்களுடைய புத்தகத்தின் மொழியிலேயே அவள் சொல்லியும், அது தவறான பதிவு. இதைப் பணிவாகச் சொல்ல எனக்குத் தெரிந்த தமிழ் போதவில்லை.

அவள் முகத்தைப் பார்த்துச் சபாபதி அவர்கள் இரங்கினார். இரங்கியதாகத்தான் அவள் நினைத்தாள்.

“சரி, ஒண்ணு பண்ணு. தெனமும் இங்க வந்து பதினாலாம் நம்பர் சிஸ்டத்துல உக்காரு. நான் தொறந்து வைக்கறேன்.”

“யாரு லாகின் சார்?”

“சென்டர் லாகின்மா. அதுல மைக்கு மட்டும் போயிடுச்சு. பதில டைப் பண்ணிடு.”

“என்னோட அட்டென்டென்ஸ்?”

“அதெல்லாம் நான் சேத்துக்கறேன். நீ படிக்கறத மட்டும் பாரு.”

ஜனவரி ஒன்பதிலிருந்து பதினாறு வகுப்புகள். காலை ஆறு மணிப் பேருந்து. சிப்காட்டின் நெடியும் ஆலப்பாக்கமும் புதுச்சத்திரமும் ஜன்னலில் வந்து போகும். மடியில் புத்தகம் விரிந்திருக்கும். இதுவரை இல்லாத ஒரு வேகம் அவளுக்கு வந்திருந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. வகுப்பில் ஒருவன் அவளை முந்திக்கொண்டே இருந்தான்.

குணசுந்தரி மேடம் கேள்வி கேட்பார். பிரிசில்லா விரல் பறக்கப் பதிலைத் தட்டி அனுப்புவாள். சில நொடியில் காதில் குரல் வரும்: “கரெக்ட், அரவிந்தன்! வெரி குட்!” அடுத்த கேள்வி. அடுத்த பதில். “எக்ஸலண்ட், அரவிந்தன்!” மாணவர்கள் திரையில் யார் பெயரும் வராது; அவர்கள் அனுப்பும் பதில் ஆசிரியையின் திரையில் மட்டுமே தெரியும். ஆகவே இவளும் சரியாகத்தான் எழுதுகிறாள், அவன் ஒரு நொடி முன்னால் எழுதிவிடுகிறான் என்றே அவள் நம்பினாள். டிசம்பர் வரை அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை.

“யாரு சார் அந்த அரவிந்தன்?”

சபாபதி அவர்கள் டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: “அவனா? பண்ருட்டி. பயங்கர ப்ரில்லியண்ட்டும்மா.”

வீட்டுக்கு வந்ததும் அந்தோணிசாமி கேட்பார்: “இன்னைக்கி?”

“இன்னைக்கும் அவன்தாம்பா.”

“உட்றாத. நாளைக்கி நீ முந்திடு. ஜெபம் பண்றேன் நானு.”

ஜனவரி இருபத்தைந்து அன்று கூரைக்குப் பதில் கட்டியிருந்த படுதா காற்றில் அவிழ்ந்தது. அதைப் பிடிக்க அந்தோணிசாமி ஒற்றைக் காலில் எழுந்தார். விழுந்தார். பிரிசில்லா வந்தபோது தில்லையம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“ஒம்போது மணிக்கே உழுந்துட்டாரு பாப்பா. போன் போடறேன்னேன். கிளாசுல இருப்பா, போடாதன்னு கையப் புடிச்சிக்கிட்டாரு.”

இரண்டாவது முறை கட்டுப்போட்ட மருத்துவர், எலும்பு விலகிவிட்டது, நேராகக் கூடுவது சந்தேகம் என்றார். அன்று இரவு பிரிசில்லா பயிற்சியை விட்டுவிடுவதாகச் சொன்னாள். அந்தோணிசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்: “அப்ப நான் உழுந்தது தண்டமாம்மா?” இருபத்தேழாம் தேதி அவள் மறுபடியும் ஆறு மணிப் பேருந்தில் இருந்தாள்.

பிப்ரவரி நான்காம் தேதி அதே பதினான்காம் எண் கணினியில் இறுதித் தேர்வை எழுதினாள். முடித்ததும் திரையில் மதிப்பெண் வந்தது: 93. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதைப் பென்சிலால் எழுதி, அடியில் ‘அரவிந்தன்?’ என்று ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொண்டாள். இந்த முறையாவது முந்தியிருப்போமா என்ற ஆசை.

பத்தாம் தேதி பட்டியல் ஒட்டினார்கள். பதினெட்டுப் பெயர்கள். முதல் வரி: ‘ரா. அரவிந்தன், வருகை 97, தேர்வு 93.’ சமமாக வந்துவிட்டோம் என்று அவள் முதலில் மகிழ்ந்தாள். அந்தப் பேதைமையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. அடுத்த வரியில் தன் பெயரைத் தேடினாள். அதற்கடுத்த வரியில். கடைசியில், தாளின் அடியில், தகுதி பெறாதோர் என்ற தலைப்பின்கீழ் இருந்தது: ‘அ. பிரிசில்லா, வருகை 81, தேர்வு எழுதவில்லை.’

“சார், நான் எழுதுனேன். நாலாம் தேதி. இந்தச் சேர்லதான் உக்காந்து எழுதுனேன்.”

“சிஸ்டத்துல இல்லியேம்மா.”

“தொண்ணூத்தி மூணு சார். நானே பாத்தேன்.”

“அது அரவிந்தன் மார்க்காச்சே.”

அப்போது புதுச்சட்டையும் இனிப்புப் பொட்டலமுமாக ஓர் இளைஞன் படியேறி வந்து, “மாமா, ஸ்வீட் எடுங்க” என்று சபாபதி அவர்களிடம் நீட்டினான். பிரிசில்லா அவனையும் பட்டியலையும் பதினான்காம் எண் கணினியையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை நாள் யாரோடு ஓடினாள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“நீங்கதான் அரவிந்தனா?”

“ஆமாங்க.”

“எலி கடிச்சா என்னா நம்பர்?”

“எலியா?” அவன் மாமாவைப் பார்த்தான்.

சபாபதி அவர்களின் அக்கா மகன் அவன். சேர்ந்த நாளிலிருந்து வகுப்புப் பக்கமே வந்ததில்லை. லாகினைத் திறந்து வைத்தாலே வருகை விழுந்துவிடும். அதற்கு மாமா இருந்தார். பதில் சொல்லத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. புயல் ஓர் ஆளை அனுப்பியது.

“கத்தாதம்மா,” என்றார் சபாபதி அவர்கள், அவள் இன்னும் கத்தவே தொடங்காதபோது. “உன் லாகின் செத்துப்போச்சு. அவன் லாகின் சும்மா கெடந்துச்சு. படிப்பு உனக்கு, மார்க்கு அவனுக்கு. படிச்சத உன்கிட்டேருந்து யாரும் புடுங்க முடியுமா, சொல்லு? அடுத்த பேட்சுல ஃப்ரீயா உக்காந்துக்க.”

“எங்கப்பா காலு போச்சு சார்.”

“அதுக்கும் எனக்கும் என்னாம்மா சம்பந்தம்?”

பட்டியலில் வந்தவர்களுக்கு அன்று சென்னையிலிருந்து ஒரு சிறப்பு வகுப்பு. பதினான்காம் எண் கணினியில் அரவிந்தனின் லாகின் திறந்தே இருந்தது. ஒலிபெருக்கியில் குணசுந்தரி மேடத்தின் குரல் கேட்டது: “அரவிந்தன், லைன்ல இருக்கீங்களா? உங்களுக்கு ஸ்பெஷல் வாழ்த்து!”

பிரிசில்லா குனிந்து கணினியின் பின்பக்கம் பார்த்தாள். மைக் கெட்டுப்போகவில்லை. கம்பியைப் பிடுங்கித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை எடுத்துச் செருகினாள்.

“மேடம், அரவிந்தன் இல்ல. பிரிசில்லா பேசறேன். கடலூர் முதுநகர். பதினாறு நாளா நீங்க வெரி குட் சொன்னது எனக்கு. பரிச்சை எழுதுனது நானு. அரவிந்தன் பக்கத்துலதான் ஸ்வீட்டு டப்பாவோட நிக்கறாரு. ஒண்ணே ஒண்ணு கேளுங்க மேடம், எது வேணா கேளுங்க. அவுரு சொல்லட்டும், நான் போயிடறேன்.”

 மறுமுனையில் குணசுந்தரி மேடம் மெல்லக் கேட்டார்: “உங்க லாகின் ஐடி என்னம்மா?”

“அது புயல்ல செத்துப்போச்சு மேடம்!”

இப்போதுதான் அவள் கத்தினாள். கீழ வீதி வரை கேட்டிருக்கும். “ஈ 908ன்னு எழுதுனேனே, உங்க ஆளுங்களுக்குப் படிக்கத் தெரியல! ஊரே கரெண்டு இல்லாம கெடந்தப்ப உங்க பாரத்துல பிரசவத்துக்குக் கட்டம் இருக்கு, புயலுக்கு இல்ல! யாரு மேடம் இதெல்லாம்…”

சபாபதி அவர்கள் மெயின் சுவிட்சை அணைத்தார். பதினெட்டுத் திரைகளும் ஒன்றாக இருண்டன. இனிப்புப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அரவிந்தன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அரவிந்தனின் தேர்ச்சி நீக்கப்பட்டது. பிறர் பெயரில் நுழைந்து தேர்வு எழுதிய குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதால் அ. பிரிசில்லா மூன்றாண்டுகளுக்கு எந்த மையத்திலும் பயிற்சி பெறவோ தேர்வு எழுதவோ முடியாது. மையப் பொறுப்பாளர் கவனக்குறைவுக்காக எச்சரிக்கப்பட்டார். கடிதத்தை அவள் தந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். ‘எச்சரிக்கப்பட்டார்’ என்ற சொல்லை மட்டும் அந்தோணிசாமி மறுபடியும் படிக்கச் சொன்னார்.

சிதம்பரத்தில் அந்த மாடிப்படியின் பலகை இன்னும் தொங்குகிறது; போன மாதம் புது வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

இழந்தவை இவை. ஆறு மாதம். மஞ்சக்குப்பத்து ஆய்வக வேலை. அங்கே இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். ஒன்பது கூரைத் தகடுகள். பதினாறு நாள் வருகை. தொண்ணூற்று மூன்று மதிப்பெண். பட்டியலில் ஒரு வரி. வரப்போகும் மூன்று ஆண்டுகள். அந்தோணிசாமியின் இடது கணுக்கால், கோணலாகத்தான் கூடியது. அதனால் அவருடைய சிப்காட் வேலையும்.