பாதிச் சின்னவிரல்

நாற்பது வருடமாக மட்டக்களப்பு நகரத்தில் ஸ்டூடியோ நடத்துகிறேன். பழைய படத்தைக் காட்டி வருடம் கேட்க என்னிடம்தான் வருவார்கள். சேலைக்கரை, சுவரில் தொங்கும் கலண்டர், நிழல் விழுந்த பக்கம், இவ்வளவும் போதும் எனக்கு. அந்தத் திமிருக்குத்தான் போன கிழமை செருப்படி விழுந்தது.

கதிரவெளியிலிருந்து மேனுகா என்றொரு பெண் வந்தாள். வயது நாற்பதிருக்கும். பொலித்தீன் உறைக்குள் ஒரு படம் வைத்திருந்தாள்.

"இதைப் பெரிசாக்கித் தாங்க ஐயா. நாளைக்குக் காணாமப்போன ஆக்கள்ட அலுவலகத்தில அண்ணன்ட விசாரணை."

அவளுடைய அண்ணன் உதயரூபனை 2006இல் யாரோ பிடித்துக்கொண்டு போனார்கள். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி ஊரே நெருக்கியும் அவள் கையெழுத்து வைக்கவில்லை.

"இஞ்ச பாருங்க. பின்னால இருக்கிற வீடு எங்களுக்கு 2008இலதான் கிடைச்சது. அந்த வீட்டு வாசல்ல அம்மாவும் அண்ணனும் நிக்காங்க. அப்ப அவன் உசிரோட வந்திருக்கான்தானே?"

"நீ கண்டியா மகள்?"

"நான் அப்ப குவைத்தில. ரெண்டு நாள் நிண்டுட்டுப் போனானெண்டு அம்மாதான் படம் அனுப்பினவ. அம்மா இப்ப இல்ல."

கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே பூதக்கண்ணாடியை வைத்தேன். தாயின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. கைகட்டி நின்ற அவனுக்கு நிழலே இல்லை.

"விரலைப் பாருங்க ஐயா. இடது கைச் சின்னவிரல் பாதிதான் இருக்கு. அண்ணனுக்குப் பத்து விரலும் முழுசா இருந்தது. பிடிச்சவனுகள் வெட்டியிருக்கானுகள். அதைப் பார்த்துப் பார்த்து எத்தின நாள் அழுதிருப்பன்! அங்க அடையாளமாப் பதிஞ்சும் குடுத்திருக்கன்."

ஐயோ, என்ட மாதாவே! என் இடது கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

தொழில் பழகிய நாளில் கடதாசி வெட்டும் கத்தி என் சின்னவிரலில் பாதியைக் கொண்டுபோனது. அந்த யுத்த காலத்தில் எத்தனை தாய்மார் இந்தக் கடைக்கு வந்தார்கள்! அடையாள அட்டைப் படத்தை நீட்டி, "இவனையும் எங்களோட ஒருக்கா நிப்பாட்டித் தாங்க" என்று அழுவார்கள். இவளுடைய தாய் சீதேவிப்பிள்ளையும் அப்படி வந்த ஒருத்திதான். அவள் தந்த படத்தில் மகனின் முகம் மட்டுமே இருந்தது. உடம்புக்கு நானே சேர்ட் போட்டு, கைகட்டி நின்று படமெடுத்து, வீட்டுக்கு முன்னால் அவள் நின்ற படத்தில் ஒட்டினேன். விரலைத் திருத்தவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன், பாவி.

"எப்ப ஐயா படம் கிடைக்கும்?"

படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் நாளை அவளைக் கள்ளி என்பார்கள். உண்மையைச் சொன்னால் அவள் அண்ணன் இந்த மேசையிலேயே செத்துப்போவான். இடது கையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் குனிந்து கையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். சட்டென்று என் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"உங்களையும் அவனுகள் பிடிச்சவனுகளா ஐயா? அப்ப அங்க எங்கட அண்ணனைக் கண்டிருப்பீங்களே!"