முகம் பார்க்கிறவர்கள்

பந்தலுக்குள் சிக்னல் வரவில்லை. பிரபு போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளறையிலிருந்து வாசல்வரைக்கும் மெல்ல நடந்து பார்த்தான். உள்ளறையில் கோடுகள் நிறைந்திருந்தன. நடையைத் தாண்டும்போது பாதியானது. பெருமாள்சாமியைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்கு அருகே வந்தால் சுத்தமாக இல்லை. அந்தக் காலத்துக் கல்சுவர். போதாக்குறைக்கு ரூட்டரை இரும்பு பீரோவுக்குள் பத்திரப்படுத்தியிருந்தார்கள். தூசி படக்கூடாது என்று பெருமாள்சாமிதான் வைத்தாராம். மனுசன் போன மாதம்கூடக் கடைக்கு வந்து, "மகன்கூடப் பேசுறப்ப படம் நின்னு நின்னு போகுது தம்பி" என்று குறைபட்டுவிட்டுப் போயிருந்தார்.

மகன் விக்னேஷ்குமார் சவுதியில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. அப்பா முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று போனில் கதறியிருக்கிறான். அதற்காகத்தான் எரியோட்டில் நெட் கனெக்‌ஷன் கடை வைத்திருக்கும் பிரபுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் ரூட்டரைக் கொண்டுவந்து வாசல் ஜன்னலில் வைத்தான். பெருமாள்சாமியின் முகம் தெரிகிற மாதிரி ஐஸ் பெட்டிக்கு அருகே தன் லேப்டாப்பை வைத்தான். அதில் வைஃபை பழுதாகி வெகுநாளாகிறது, யூ.எஸ்.பி அடாப்டர் ஒன்றைச் செருகித்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். நேராகச் செருகினால் ஐஸ் பெட்டியின் தகரம் மறித்தது. நீள வயர் போட்டு, அடாப்டரைப் பந்தல் காலில் உயரக் கட்டினான். படம் போய்ச் சேர்ந்தது. பார்ப்பவர்கள் ஒன்று என்று திரை ஓரத்தில் வந்தது.

"லிங்க் விக்னேஷுக்கு மட்டுந்தான். வேற யாருக்கும் போகக்கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றார் செத்தவரின் தம்பி முத்துச்சாமி.

யாருக்குப் போகக்கூடாது என்று ஊருக்கே தெரியும். பெருமாள்சாமியின் மகள் சுகன்யா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் இருக்கிறாள். விடிந்ததும் ஓடிவந்தவளை ஊர் எல்லையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூத்தைப் பாருங்கள்! கடல் தாண்டி இருக்கிற மகனுக்கு இம்புட்டுப் பாடுபட்டு முகம் காட்டுகிறார்கள். ஒரு பஸ் ஏறினால் வந்துவிடுகிற மகள் வாசலை மிதிக்கக்கூடாது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கருப்பம்மாள் புருசனுக்காக அழுகிறாளா, மகளுக்காக அழுகிறாளா என்று யார் கண்டது.

பிரபுவின் போன் அடித்தது. புது நம்பர்.

"அண்ணே, நான் சுகன்யா. பெருமாள்சாமி மக."

அவன் பந்தலுக்கு வெளியே நகர்ந்தான். "சொல்லும்மா."

"தம்பி விக்னேஷ்கிட்ட லிங்க் கேட்டேன். சித்தப்பா வைவாரு, மாட்டேன்னுட்டான். உங்க நம்பர மட்டும் குடுத்தான். செத்த நேரம் போதும்ணே. அப்பா மொகத்தப் பாத்துட்டு வச்சிர்றேன்."

அந்த ஊரில் பிரபு கொடுத்திருக்கும் கனெக்‌ஷன் எல்லாம் முத்துச்சாமியின் பங்காளி வீடுகள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பிழைப்பில் மண் விழும். ஊர் வம்பை விலைக்கு வாங்காதே என்றது மனசு. பெற்ற அப்பன் முகத்தை மகளுக்கு மறைக்க இவர்கள் யார் என்றும் அதே மனசு கேட்டது. போனை வைத்தான். வைத்த கையோடு லிங்கை அனுப்பினான்.

திரும்பி வந்து பார்த்தபோது திரையில் இரண்டு என்று இருந்தது.

"மொகம் பாக்குறவுக பாத்துக்கங்க! தேர் கெளம்பப்போகுது!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. ஆட்கள் மறிக்க மறிக்கப் படம் நின்று நின்று போனது. பிரபு கட்டை அவிழ்த்து, அடாப்டரைத் தலைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கை கடுத்தது. முத்துச்சாமி லேப்டாப் பக்கம் குனிந்தார்.

"ரெண்டுன்னு காட்டுதே. யாருப்பா அது?"

பிரபு அடாப்டரை இன்னும் உயரத் தூக்கினான்.

"நாந்தான் அனுப்பச் சொன்னேன்" என்றாள் கருப்பம்மாள்.

அவள் சொல்லவேயில்லை. அன்றைக்கு அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"மதினி, நீங்க சும்மா இருங்க…"

"எல்லாரும் வெலகி நில்லுங்க. எம்மக அவ அப்பாவப் பாக்கட்டும்."

கூட்டம் விலகியது. முத்துச்சாமி பல்லைக் கடித்தார். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு தாலி இழந்தவளோடு மல்லுக்கு நிற்க முடியுமா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தேர்ப் பக்கம் போனார்.

பெருமாள்சாமியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போய்விட்டார்கள். கொட்டுச் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது. விக்னேஷும் நிறுத்திவிட்டான் போல. திரையில் ஒன்று என்று மட்டும் நின்றது. இனிமேல் பார்க்க என்ன இருக்கிறது, காலிப் பெட்டிதானே. பிரபு அடாப்டரைக் கழற்றப் போனான்.

"இருப்பா, பிடுங்காத." கருப்பம்மாள் நகர்ந்து நகர்ந்து லேப்டாப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு நான் செத்தாலும் இவுக அவள விடப்போறதில்ல. எம்மொகத்தையும் பாத்துக்கட்டும்."

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். கலைந்த முடியை ஒதுக்கினாள். கேமரா எது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிரபுவின் கையில் மினுங்கிக்கொண்டிருந்த அடாப்டரையே கண்கொட்டாமல் பார்த்தாள். அவன் அதை மெல்லக் கொண்டுபோய்க் கேமராவுக்கு அருகில் பிடித்தான்.