சீஸ் பெட்டிக்குள் போன இரண்டு கடிதங்கள்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நம் ஹார்ன்பெக் எல்லையில் ஒரு பலகை நிற்கிறதல்லவா, ‘பிரான்ஸின் சாந்த்-வெரேனுக்கு இரட்டை ஊர்’ என்று? அதை ஏன் இன்னும் கழற்றவில்லை என்ற கதையைச் சொல்கிறேன்.

இரண்டு ஊரும் கூடப் பிறந்தவை அல்ல. முப்பத்தோரு வருஷத்துக்கு முன் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டு உண்டாக்கிய உறவு. ஒரு மே மாதம் அவர்கள் பேருந்தில் இங்கே வருவார்கள், அடுத்த மே மாதம் நாம் அங்கே போவோம்.

இங்கே இரட்டை ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர் மியூரியல் தாக்ரே. கணவர் போன பிறகு தனியாக இருப்பவள். அங்கே செயலாளர் ஒதீல். வந்தால் மியூரியல் வீட்டில்தான் தங்குவாள். வரும்போதெல்லாம் வாடை மூக்கைத் துளைக்கும் சீஸ் ஒரு பெட்டி கொண்டுவருவாள். மியூரியல் “அடடா, எவ்வளவு அருமை!” என்று வாங்கி, நேரே கார் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிடுவாள். ஒதீல் தங்கும் நாலு நாளும் கார் தெருவில் நிற்கும்.

போன வருஷம் அவர்கள் பேருந்து வருவதற்கு முந்தின வாரம் கவுன்சில் தலைவர் கிளைவ் அவளைக் கூப்பிட்டார்.

“வர்றது பன்னெண்டு பேரு, மியூரியல். அதுல ஒன்பது பேருக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு. இளவட்டம் ஒருத்தரும் சேர மாட்டேங்குறாங்க. இந்த இரட்டை ஊர் உறவை முடிச்சுக்கலாம்னு தீர்மானம் போட்டாச்சு.”

“அதை அவங்ககிட்ட யாருங்க சொல்றது?”

“எல்லாம் லெட்டர்ல இருக்கு. அவங்க பதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினா ஒப்பந்தம் முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை விருந்துல நீங்களே குடுத்துடுங்க. நான் குடுத்தா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்.”

“நான் குடுத்தா?”

“நீங்க கேக்கோட சேர்த்துக் குடுப்பீங்களே!”

அன்று மாலை விருந்தாளி அறையின் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போட்டாள் மியூரியல். இனி இதை யாருக்கு விரிப்பது என்ற நினைப்பில் ஒரு மூலையைத் தீய்த்துவிட்டாள்.

ஞாயிறு விருந்தில் கிளைவ் எழுந்து, இந்த நட்பு நூறு வருஷம் வாழும் என்றார். சாந்த்-வெரேன் மேயர் விடுவாரா? இருநூறு என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மியூரியலின் மடியில், அந்தக் கடித உறை இருந்த கைப்பை கல்லாகக் கனத்தது.

விருந்து முடிந்து மண்டபத்துச் சமையலறையில் அவள் கோப்பை கழுவ, ஒதீல் துடைத்துக்கொண்டிருந்தாள். இனியும் தள்ள முடியாது என்று கையைத் துடைத்து, உறையை எடுத்தாள் மியூரியல். அதைப் பார்த்ததும் ஒதீலும் துணியைக் கீழே போட்டுவிட்டுத் தன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள்.

“எங்க மேயர் குடுத்தாரு. உங்க தலைவர்கிட்டக் குடுக்கணுமாம். எங்க ஊர்ல யாருக்கும் ஆர்வமில்லையாம், முடிச்சுக்கலாமாம்.”

“அடிப்பாவி! எங்களோடதும் அதேதான்டீ!”

சிரித்துச் சிரித்து இருவரும் முக்காலியைத் தேடி உட்கார்ந்தார்கள். பிறகு ஒதீல் கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.

“சங்கம் போனா என்ன, நீ கூப்பிட்டா நான் வர மாட்டேனா?” என்றாள் ஒதீல்.

“சும்மா கூப்பிட்டா, பாவம், தனியாக் கிடக்கா, துணை தேடுறான்னு நினைச்சிருப்பே.”

“நினைச்சிருப்பேன். அதனாலதான் நானும் உன்னைக் கூப்பிடலை.”

வீட்டுக்கு வாடி என்று ஒரு வார்த்தை சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அதைவிட இரண்டு ஊரைக் கட்டி இழுப்பது சுலபமாக இருந்தது. இரண்டு உறையும் அன்றே கார் கொட்டகைக்குப் போய், சீஸ் பெட்டிக்குள் அடங்கின. அங்கே யார் மூக்கை நுழைக்கப் போகிறார்கள்?

இலையுதிர் காலத்தில் கிளைவ் கேட்டார்: “பதில் வந்துச்சா?”

“இன்னும் இல்லீங்க. ஞாபகப்படுத்தி ஒரு லெட்டர் போடவா?”

“ஐயையோ, வேணாம்! துரத்துற மாதிரி ஆயிடும்.”

அங்கே அவர்கள் மேயரும், இங்கிலீஷ்காரன் பதில் போடாவிட்டால் நாம் ஏன் கெஞ்ச வேண்டும் என்று மீசையைத் தடவிக்கொண்டாராம். ஒப்பந்தம் நிற்கிறது. போன மாதம் பலகைக்குப் புது வண்ணமும் அடித்தார்கள். இந்த மே மாதம் சாந்த்-வெரேன் போகும் பேருந்தில் மியூரியல் முதல் ஆளாக ஏறி, சன்னலோரம் பிடித்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டு விருந்தாளி அறை என்றும் காலியாகக் கிடக்க வேண்டாம், என் செல்லங்களா. மூக்குக்கு ஒவ்வாத பெட்டியோடு, மனசுக்கு ஒத்த ஒருத்தி வந்து உங்கள் வாசல்மணியை அடிக்கட்டும். அடுப்பும் மனசும் குளிராமல் எல்லாரும் நன்றாக இருங்கள்.