தடியனின் கடைசி வசனம்

டப்பிங் படத்துக்கு வசனம் எழுதுறது என் பொழைப்பு. திரையில வாய் மூணு தடவை அசைஞ்சா அதுக்குள்ள பேச்சை முடிச்சாகணும். கொஞ்சம் நீண்டாலும் சவுண்ட் இன்ஜினியர் என்னைப் பிச்சுப் பிடுங்கிடுவார். ரோபோ படம்னா மட்டும் எனக்குக் கொண்டாட்டம். ரோபோவுக்கு ஏது வாய்? இஷ்டத்துக்கு எழுதலாம். அந்தத் திமிர்லதான் மாட்டிக்கிட்டேன்.

அது ஒரு அனிமே படம், ஜப்பான்காரங்க எடுக்கற கார்ட்டூன். எட்டு மாடி உயரத்துல ஒரு ரோபோ. வீட்டுல நான் எழுதறப்ப என் பொண்ணு, ஏழு வயசு, தோளோட ஒட்டிக்கிட்டு பார்த்தா. அந்த ரோபோவுக்குத் தடியன்னு பேரு வெச்சதும் அவதான். முடிவு வர்றதுக்கு முன்னாடியே லேப்டாப்பை மூடி, மிச்சத்தைத் தியேட்டர்ல பாத்துக்கலாம்னேன். கழுதைக்கு உடனே சந்தேகம் வந்துடுச்சு.

"அப்பா, தடியன் செத்துடுவானா?"

"நான்தானே எழுதுறேன்? நான் பாத்துக்கறேன், போ."

என்னத்தைப் பாத்துக்கறது? முடிவுல குழந்தைங்க மாட்டிக்கிட்டிருக்கற ஒரு சுரங்கத்தோட கூரை சரியுது. தடியன் ரெண்டு கையாலயும் அதைத் தாங்கிக்கறான். குழந்தைங்க ஏறின விண்கலம் தப்பிச்சுப் போயிடுது. கூரை மொத்தமா அவன் மேல விழுது. அசல் படத்துல, "கிளம்புங்க, எனக்காக நிக்காதீங்க"ன்னு சொல்லுவான். நான் அதை மாத்தி, "நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வந்துடறேன்"னு எழுதிட்டேன்.

இன்ஜினியர் சிரிச்சார். "வாய்தான் இல்லையே சார், யாருக்குத் தெரியப் போகுது? போட்டுத் தள்ளுவோம்."

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு நான், என் வீட்டுக்காரி, பொண்ணு மூணு பேரும் போனோம். கூரை விழுந்துச்சு. தடியனோட நீலக் கண்ணு ரெண்டும் அணைஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு முழு நிமிஷம் சத்தமே கிடையாது. நான் எழுதி வெச்ச வசனத்தால அந்த நிமிஷம், யாரோ வரப்போறாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி ஆயிடுச்சு.

மத்த குழந்தைங்க ஓன்னு அழுதுச்சுங்க, பெத்தவங்க தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. என் பொண்ணு அழலை. சீட்டு நுனியில உக்காந்து திரையையே பார்த்துக்கிட்டிருந்தா. அழுதிருந்தா நானும் தூக்கிட்டுப் போயிருப்பேன், ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்திருப்பேன்.

"வாடா செல்லம், போலாம்."

"இருங்கப்பா. பின்னாடியே வரேன்னான்ல?"

என் வீட்டுக்காரி என் காதோரம் வந்து, "என்னத்தை எழுதித் தொலைச்சீங்க?"ன்னு பல்லைக் கடிச்சா.

பேருங்க ஓட ஆரம்பிச்சுது. நூறு பேரு, இருநூறு பேரு. எல்லாத்துக்கும் கடைசியா தமிழ் வசனம்னு போட்டு என் பேரு வந்துச்சு. என் பொண்ணு அதை எழுத்துக்கூட்டிப் படிச்சா. மெதுவா என் பக்கம் திரும்பினா.

"அப்பா, வந்துடறேன்னு தடியனே சொன்னானா, இல்ல நீங்க எழுதினீங்களா?"

சொல்லியிருக்கணும். நான்தான்டா எழுதினேன், அப்பா பொய் எழுதிட்டேன்னு அங்கேயே சொல்லியிருக்கணும். அந்த மூஞ்சியைப் பார்த்து எனக்குத் தைரியம் வரலை.

"தடியனே சொன்னதுதான்டா."

அவ நிம்மதியா சாய்ஞ்சு உக்காந்துட்டா. விளக்கெல்லாம் எரிஞ்சுது. கூட்டுற அம்மா துடைப்பத்தோட எங்க வரிசைக்கு வந்து, "படம் முடிஞ்சிடுச்சு, எந்திரிங்க"ன்னாங்க.

"கொஞ்சம் இருங்க ஆன்ட்டி," என் பொண்ணு காலை மடக்கி அவங்களுக்கு வழிவிட்டா. "இன்னும் ஒருத்தர் வரணும்."