இருபதில் ஒரு பங்கு அறை

1

இந்தக் கதை ஒரு குற்றத்தில் தொடங்குகிறது. யோசனை என்னுடையது. கை மட்டும் என் அக்கா மகளுடையது.

அவள் கல்லூரியில் முதலாண்டு. விடுதியில் பதினாலாம் எண் அறை. அறைக்கு இருவர். சேர்ந்த இரண்டாவது மாதம் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஒரு பீரோ, ஒரு ஜன்னல். சுவரின் நிறம் டீயில் நனைந்த பிஸ்கட். படத்தின் கீழே எழுதியிருந்தாள்: "சித்தி, இத அழகு பண்ணணும். கையில காசு இல்ல. நீ எழுதறவதானே, ஏதாவது யோசனை சொல்லு."

எழுதுகிறவளுக்கும் அறை அலங்காரத்துக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. யாராவது யோசனை கேட்டுவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை.

2

முதல் வரியை நான்கு முறை எழுதினேன்.

"வெறும் அறை என்பது இன்னும் எழுதப்படாத—"

(வேண்டாம். அறையைத் தாளோடு ஒப்பிடாத எழுத்தாளரே இல்லை.)

"பதினாலாம் எண் அறையின் ஜன்னல் வழியே மாலை வெயில்—"

(அந்த ஜன்னல் வடக்கு பார்த்தது. வெயில் வராது. விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.)

"பதினெட்டு வயது. உலகத்தின் மீது அவளுக்கு—"

(உலகத்தின் மீது அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. சுவரின் மீதுதான்.)

"கதவின் பின்புறம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது."

இது நிற்கும். ஆணி அடிக்கக் கூடாது. வண்ணம் பூசக் கூடாது. ஒட்டியதைப் பிரிக்கும்போது சுண்ணாம்பு உரியக் கூடாது. கீழே வார்டனின் கையெழுத்து. அறிவிப்பு நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. அதை யாராலும் பிரிக்க முடியாது.

3

அவள் சும்மா இருக்கவில்லை. பழைய போர்வை ஒன்றை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, நாடா கோத்து, ஜன்னலின் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே கட்டினாள். திரை ஆயிற்று. போன வருடக் காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு மேசைக்கு உறை போட்டாள். ஜாம் பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தாள். பேனாக்களுக்கு இடம் கிடைத்தது. சிவப்புத் துப்பட்டாவை விளக்கின் மேல் போர்த்தினாள். கருகல் வாசனை வந்ததும் எடுத்துவிட்டாள்.

இவ்வளவு செய்தும் அறை அறையாக இல்லை, கடையாக இருக்கிறது என்று புலம்பினாள்.

அப்போதுதான் நான் பதில் எழுதினேன்: "எதையும் சேர்க்காதே. எடு. தேவை இல்லாததை எல்லாம் வெளியே போடு. மிச்சம் நிற்பதுதான் அறை."*

பிறந்ததிலிருந்து என் பேச்சை ஒரு முறைகூடக் கேட்காதவள், அன்று கேட்டாள்.

* எழுத்தைப் பற்றி நான் வழக்கமாகச் சொல்வது இது. இருபது வருடமாக வாக்கியங்களிலிருந்து சொற்களை எடுத்து வெளியே போட்டு வருகிறேன். நான் போட்ட சொல் எதற்கும் வேறு சொந்தக்காரர் இருந்ததில்லை. இந்த வித்தியாசத்தை அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

4

அறையில் இன்னொருத்தி இருக்கிறாள்.

கட்டடக்கலை படிக்கிறாள். கையில் எப்போதும் ஓர் எஃகு ஸ்கேல். விடுதியில் அவள் பெயரும் அதுதான். பேச்சு குறைவு.

முதல் வரைவில் ஸ்கேலை முசுடாக எழுதினேன். அக்கா மகள் படித்துவிட்டு, அவள் முசுடு இல்லை, பேசுமுன் அளந்து பார்ப்பாள், அவ்வளவுதான் என்றாள். இரண்டாம் வரைவில் சாதுவாக எழுதினேன். அதற்கு ஸ்கேலிடமிருந்தே ஒரு வரி வந்தது: நான் சாது கிடையாது. மூன்றாம் வரைவில் எதுவும் சொல்லாமல் விட்டேன். அது சரியாக வந்திருப்பதாக இருவருமே சொன்னார்கள்.

ஸ்கேலின் கட்டிலுக்கு அடியில் என்ன இருந்தது என்பது இந்தக் கதைக்கு முக்கியம். காலி அட்டைப் பெட்டிகள். தெர்மாகோல் துண்டுகள். ஐஸ் குச்சிகள். மருந்து தீர்ந்த மாத்திரை அட்டைகள். அவற்றுக்குப் பின்னால், மூடி இல்லாத, ஒரு பக்கம் சுவர் இல்லாத, அங்கங்கே சதுர ஓட்டை போட்ட ஒரு பெட்டி. செருப்புப் பெட்டியை விடச் சிறியது.

வெள்ளிக்கிழமை மதியம் ஸ்கேல் வகுப்பில் இருந்தாள். அக்கா மகள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் கொடுத்தாள். கிடைத்த காசுக்கு ஒரு டஜன் துணி கிளிப் வந்தது. நூல் கட்டிப் படங்கள் தொங்கவிட. ஆணி வேண்டாம்.

எனக்குப் படம் அனுப்பினாள். சுத்தமான தரை. "இப்போதுதான் அறை தெரிகிறது" என்று பதில் எழுதினேன். அந்த வரியை இப்போது நீக்க முடியாது. அவள் போனில் இருக்கிறது.

5

நாலரை மணிக்கு ஸ்கேல் வந்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இங்க ஒரு ரூம் இருந்துச்சே" என்றாள்.

மூடி இல்லாத அந்தப் பெட்டிதான் பதினாலாம் எண் அறை. இருபதில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி வடிவம். வகுப்பில் கொடுத்த வேலை அது: நீங்கள் வசிக்கும் அறையை, அதில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதியாக மாற்றி, அட்டையில் செய்து வருக. பைசா செலவில்லாமல், குப்பையிலிருந்து மட்டும். திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும். மூன்று சுவர் முடிந்திருந்தது.

(இந்த இடத்தில் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். குடியிருக்கும் அறையையே ஒருத்திக்கு அடையாளம் தெரியாதா? நானும் கேட்டேன். "சித்தி, நம்ம ரூம மேலேருந்து யாரு பாத்திருக்கா?" என்றாள்.)

ஸ்கேல் கத்தவில்லை. கத்தியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். மேசையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வரைபடங்களில் எழுதும் நேர் எழுத்தில், வார்டனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். வேறு அறை கேட்டு. வார்டன் விடுப்பில் இருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். கடிதத்தை மடித்து மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் தன் எஃகு ஸ்கேலை வைத்தாள்.

அக்கா மகள் எனக்குப் போன் செய்தபோது அழுதாள். ஓர் அறைத்தோழி போனால் இன்னொருத்தி வருவாள் என்று ஆறுதல் சொன்னேன். என் இரண்டாவது மோசமான யோசனை.

"உனக்குத் தெரியாது சித்தி. போன மாசம் எனக்கு காய்ச்சல் வந்துச்சுல்ல. ரெண்டு நாள் கிளாஸுக்குப் போகாம பக்கத்துலயே உட்கார்ந்து வரைஞ்சிட்டு இருந்தா. ஒரு வார்த்த பேசல. ஆனா போகல."

6

சனிக்கிழமை அக்கா மகள் பேப்பர் கடைக்குப் போனாள். கடைக்காரர் கட்டுகளைக் காட்டினார். மனிதர் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. எல்லாம் தட்டை.

"உள்ள காத்து இருந்தா எடைக்கு ஆகாதும்மா. மிதிச்சுதான் கட்டுவோம்."

அது பெட்டி இல்லை, ஒரு ரூம் என்று விளக்கினாள்.

"ரூமா? ரூம எல்லாம் ஏம்மா எடைக்குப் போடுற?"

அவர் நல்ல மனிதர். இரண்டு கட்டுகளை அவிழ்த்துத் தேடினார். கிடைக்கவில்லை. வேண்டுமானால் நல்ல அட்டையாக நான்கு தருகிறேன், பழைய விலைக்கே எடுத்துக்கொள் என்றார். காசு கொடுத்து வாங்கக் கூடாது என்று வகுப்பில் சட்டம். காசு வாங்காமல் தரக் கூடாது என்று அவர் கடையில் சட்டம். வெறுங்கையோடு திரும்பினாள்.

7

இங்கே சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: ஸ்கேல் திடீரென்று சிரித்துவிடுகிறாள். இருவரும் கட்டிப்பிடித்து—

(அக்கா மகளின் குறிப்பு: அவ அப்படி சிரிக்க மாட்டா. நானும் கட்டிப்பிடிக்க மாட்டேன். வேர்வை.)

முடிவு ஆ: மிதிபட்ட அந்த அட்டை அறை கிடைக்கிறது. அதையே ஸ்கேல் ஒப்படைக்க, பேராசிரியர் நெகிழ்ந்துபோய் முழு மதிப்பெண்—

(எந்தக் கல்லூரியில்?)

முடிவு இ: கடிதம் காற்றில் பறந்து ஜன்னல் வழியே—

(ஸ்கேல் எஃகு. பறக்காது.)

கதைக்கு நான் முடிவு யோசித்துக்கொண்டிருந்தபோது ஸ்கேல் என் நம்பரை வாங்கி நேரே ஒரு செய்தி அனுப்பினாள். "ஆன்ட்டி, உங்க வீட்ல வேஸ்ட் அட்டை இருக்கா? உங்க ஐடியாதானே அது."

அந்தக் கடைசி மூன்று சொற்களில் வெட்ட எதுவும் இல்லை.

8

வேஸ்ட் அட்டை இருந்தது. என் போன புத்தகத்தின் விற்காத பிரதிகள் பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்த பெட்டிகள். மூன்று. நல்ல கனமான அட்டை. பிரதிகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு, பெட்டிகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஞாயிறு பத்து மணிக்கு விடுதிக்குப் போனேன். பெண் உறவினர்கள் ஐந்து மணி வரை இருக்கலாம்.

கதவின் பின்னால் அறிவிப்பு. மேசையில் கடிதம். அதன் மேல் ஸ்கேல் இல்லை. ஜாம் பாட்டில் இருந்தது. ஸ்கேல் வேலைக்குத் தேவைப்பட்டது.

தரையில் உட்கார்ந்தோம். ஸ்கேல் அளந்து கோடு போட்டாள். அக்கா மகள் வெட்டினாள். எனக்கு ஜன்னல் கொடுத்தார்கள். இருப்பதிலேயே எளிய வேலை. வெட்டி நீட்டினேன். ஸ்கேல் வாங்கிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, சின்னதாக்கிட்டீங்க."

பழக்கதோஷம் என்றேன். அதன் பிறகு எனக்குப் பசை தடவும் வேலை மட்டும் கொடுத்தார்கள்.

சுவர்கள் மதியத்துக்குள் நின்றுவிட்டன. வெளிப்பக்கத்தில் என் புத்தகத் தலைப்பும் "நனையாமல் வைக்கவும்" என்பதும் அச்சாகி இருந்தன. மறைக்க வேண்டாம், குப்பை என்பதற்கு அத்தாட்சி என்றாள் ஸ்கேல்.

போர்வையில் மிஞ்சிய கிழிசலில் விரல் அகலத்தில் ஒரு திரை. ஐஸ் குச்சி கிடைக்காததால் அட்டையையே மெல்லியதாக வெட்டி மேசைக் கால்கள். அக்கா மகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வெட்டினாள். மெஸ் சமையல்காரர், தன் வகுப்பு, எதிர் அறையின் சண்டை. மூன்று மணி சுமாருக்கு ஸ்கேல் கோடு போடுவதை நிறுத்தினாள்.

"மொதல்ல பண்ணதுல பீரோவ நடுவுல வச்சிருந்தேன்" என்றாள்.

"எதுக்கு நடுவுல?"

"உன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும்."

அக்கா மகள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"நீ பேசிக்கிட்டே இருப்ப. எனக்கு கோடு கோணும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்ப சொல்றது? நீ மூச்சு விடுறப்பவா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பிறகு அக்கா மகளும் சிரித்தாள். ஸ்கேல் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த கோட்டைக் கோணலாகப் போட்டுவிட்டு அழித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அக்கா மகள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பிறந்ததிலிருந்து அவளைத் தெரியும். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கடைசியில் ஸ்கேலே வாய் திறந்தாள்.

"எதிர் ரூம்ல அப்புறம் என்னாச்சு?"

(இந்த வரியை முடிவாக வைத்துவிடலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் வேலை முடியவில்லை. இரண்டு கட்டிலும் பீரோவும் மிச்சம்.)

9

ஐந்துக்கு ஐந்து நிமிடம். தன் கட்டிலை ஸ்கேல் ஜன்னலுக்குக் கீழே ஒட்டினாள். உள்ளங்கை நீளம். பீரோவைச் சுவரோரமும் வைத்துப் பார்த்தாள், நடுவிலும் வைத்துப் பார்த்தாள். ஒட்டாமல் தரையில் போட்டாள். மாதிரியின் தரை இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த தரை.

இரண்டாவது கட்டிலின் கால்களில் நான் பசை தடவினேன். ஸ்கேல் அதை என்னிடமிருந்து வாங்கி அக்கா மகளிடம் நீட்டினாள்.

"உன்னோடது. நீயே வை."

கீழே மணி அடித்தது. பார்வையாளர்கள் கிளம்ப வேண்டும். விடுதிக் காவலர் அம்மா கதவைத் தட்டி என் பெயரைப் பதிவேட்டில் காட்டினார். கையெழுத்துப் போடக் குனிந்தேன். நிமிர்ந்தபோது என்னை வெளியே தள்ளாத குறை. கதவு சாத்திக்கொண்டது.

ஆக, எனக்கும் தெரியாது. தெரிந்ததை மறைத்து விளையாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். திங்கட்கிழமை போன் செய்தேன். மாதிரி போய்ச் சேர்ந்ததா என்றேன். போய்ச் சேர்ந்தது என்றாள் அக்கா மகள். கட்டிலை எங்கே வைத்தாய் என்றேன். கடிதம் என்ன ஆயிற்று என்றேன்.

"வந்து பாரு சித்தி."

எந்த அறைக்கு என்று அவள் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கலாம். ஆனால் கதையைப் பத்திரிகைக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். கற்பனை செய்யலாம்தான். பிறர் அறையில் கை வைத்தால் என்ன ஆகும் என்று இந்த முறை தெரிந்துகொண்டேன். அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன்.

கூரை இல்லாத அறை. மேலேயிருந்து பார்க்கிறீர்கள். ஜன்னலுக்குக் கீழே ஒரு கட்டில். பக்கத்தில் இடம் இருக்கிறது. எதிர்ச்சுவரிலும் இருக்கிறது. இன்னொரு கட்டில் உங்கள் விரல்களுக்கு நடுவே.

பசை காய மூன்று நிமிடம்.